ஹார்வி மார்ட்டினுக்காக யார் பேசுவது?

டல்லாஸ் கௌபாய்ஸ் அணி கடைசியாக சூப்பர் பௌல் வென்றது 1996 ஜனவரியில். அதற்குப் பிறகு அந்த இறுதி ஆட்டத்தின் வாசலைக்கூட அது மிதிக்கவில்லை. நொடித்துப்போன குடும்பம் தாத்தா காலத்துச் சொத்துப் பத்திரங்களை எடுத்தெடுத்துப் பார்ப்பதுபோல, டெக்சாஸில் அமெரிக்கக் கால்பந்து பார்ப்பவர்கள் ஆட்டப் பருவம் தொடங்கும் ஒவ்வொரு செப்டம்பரிலும் பழைய ஆட்டக்காரர்களின் பட்டியலைக் கையில் எடுத்துக்கொள்வார்கள். ‘ரிங் ஆஃப் ஆனர்’ என்னும் கௌரவ வளையத்தில் அடுத்து யார் பெயர் ஏற வேண்டும், யார் பெயர் இத்தனை நாள் ஏறாமல் இருப்பது அநியாயம் என்பதே வழக்கு. அந்த வழக்கை நெடுங்காலமாகக் கேட்டுக்கொண்டிருப்பவன் நான். பேசப்படும் பெயர்கள் ஏறக்குறைய எப்போதும் அதே நாலைந்துதான் என்பது போகப்போகத்தான் உறைத்தது. தகுதியைப் பற்றி அடித்துப் பேசுகிறோம். யாருடைய தகுதி மேசைக்கே வருவதில்லை என்பதை யாரும் கேட்பதில்லை.

வளையத்தின் கதை எளிமையானது. கௌபாய்ஸ் 1960இல் தொடங்கிய அணி. 1961இல் புதிய ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்தபோது அது முதலில் எடுத்தவர் பாப் லில்லி. தற்காப்பு வரிசையில் 14 ஆண்டுகள் ஆடி ஓய்வுபெற்ற அவருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று பொது மேலாளர் டெக்ஸ் ஷ்ராம் நினைத்தார். பல அணிகள் பெரிய ஆட்டக்காரரின் எண்ணை வேறு யாருக்கும் கொடுக்காமல் நிறுத்திவைத்துவிடும். அதில் ஒரு சிக்கல் உண்டு. சிகாகோ பேர்ஸ் 14 எண்களை அப்படி நிறுத்தி, கடைசியில் இனி இந்த வேலையே வேண்டாம் என்று 2013இல் சொல்ல வேண்டியதாயிற்று. ஷ்ராம் எண்ணைத் தொடவில்லை. இர்விங் நகரிலிருந்த டெக்சாஸ் ஸ்டேடியத்தில், மாடங்களுக்கு நடுவே சுற்றி ஓடும் விளிம்பில், 1975 நவம்பர் 23 அன்று லில்லியின் பெயரையும் அவருடைய 74ஆம் எண்ணையும் எழுதவைத்தார். பிறகு அணி ஆர்லிங்டனுக்கு இடம் மாறியது, பழைய மைதானம் 2010இல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது, பெயர்கள் மட்டும் புதிய இடத்துக்குக் கூடவே வந்தன. ஃபிரிஸ்கோ நகரில் அணியின் தலைமையகத்திலும் இப்போது அதே பெயர்கள் உண்டு. அந்தப் பக்கம் குடியேறிய தமிழ்ப் பிள்ளைகளில் சிலர் இவற்றைப் பாடமாகவே ஒப்பிப்பார்கள்.

விதியும் எளிமையானது, சொல்லப்போனால் விதியென்றே ஒன்று இல்லை. தேர்வுக் குழு கிடையாது. எழுதிவைத்த தகுதி கிடையாது. ஆண்டுக்கு இத்தனை பேர் என்ற கணக்கும் கிடையாது. 1989 வரை ஷ்ராம் நினைத்தவர் ஏறினார். அதன்பின் அணியை வாங்கிய ஜெர்ரி ஜோன்ஸ் நினைப்பவர் ஏறுகிறார். 1975 முதல் 2023 முடிய 48 ஆண்டுகளில் ஏறியவர்கள் 24 பேர். ஆண்டுக்கு ஒருவர் என்று முறையாக வந்ததில்லை. 1983இல் குவார்ட்டர்பேக் ரோஜர் ஸ்டாபக் ஏறிய பிறகு ஆறு ஆண்டுகள் எவரும் ஏறவில்லை. 2005இலும் 2011இலும் மூன்று மூன்று பேராக ஏறினார்கள்.

இந்த 24 பேரில் யாரெல்லாம் தாமதமாக வந்தார்கள் என்று பார்த்தால் சுவாரசியமான ஒன்று தட்டுப்படும். லீ ராய் ஜோர்டன் 14 ஆண்டுகள் தற்காப்பின் நடுவில் நின்றவர். 1976இல் ஆட்டத்தை விட்டவருக்கு 1989இல்தான் இடம் கிடைத்தது. ஊதிய ஒப்பந்தத்தில் அவர் பிடிவாதம் பிடித்ததை ஷ்ராம் மறக்கவில்லை என்பது டல்லாஸில் பரவலாகச் சொல்லப்படுவது. ஜோன்ஸ் உள்ளே வந்த அதே ஆண்டில் முதலில் ஏற்றியது அவரைத்தான் என்பதால் அந்தப் பேச்சை ஒதுக்கிவிட முடியவில்லை. டாம் லாண்ட்ரி 29 பருவங்கள் பயிற்சியாளராக இருந்து, அவற்றில் தொடர்ந்து 20 பருவங்கள் தோல்வியைவிட வெற்றியை அதிகம் கொண்டுவந்தவர். அணியை வாங்கிய அன்றே ஜோன்ஸ் அவரை வேலையிலிருந்து நீக்கினார். அந்தக் காயம் ஆற 1993 வரை ஆயிற்று. வளையத்தையே உருவாக்கிய ஷ்ராமுக்கு 2003 வசந்தத்தில்தான் அறிவிப்பு வந்தது. ஜூலையில் அவர் இறந்தார். தன் பெயர் அங்கே எழுதப்பட்டதைக் கண்ணால் பார்க்கவில்லை. ஆட்டக்காரர்களைத் தேடித்தேடிக் கொண்டுவந்த கில் பிராண்ட் 1989இல் வெளியேற்றப்பட்டு 2018இல் ஏறினார்.

இவற்றில் மிகவும் அறியப்பட்டது ஜிம்மி ஜான்சனின் கதை. அவரும் ஜோன்ஸும் ஆர்கன்சாஸ் பல்கலைக்கழக அணியில் ஒன்றாக ஆடியவர்கள். லாண்ட்ரியை அனுப்பிவிட்டு அந்த நாற்காலியில் ஜோன்ஸ் உட்காரவைத்தது இவரைத்தான். முதல் பருவத்தில் 16 ஆட்டங்களில் 15 தோல்வி. அந்தப் பருவத்தின் நடுவிலேயே தன்னிடமிருந்த ஒரே நட்சத்திரமான ஹெர்ஷல் வாக்கரை மினசோட்டாவுக்குக் கொடுத்து, பதிலுக்கு ஆட்டக்காரர்களையும் வரும் ஆண்டுகளுக்கான தேர்வு உரிமைகளையும் வாரிக்கொண்டார். 1992, 1993 பருவங்களுக்கான சூப்பர் பௌல் இரண்டும் டல்லாஸுக்கு வந்தன. 1994 மார்ச்சில், பெருமை யாருக்கு என்ற மனக்கசப்பில் இருவரும் பிரிந்தார்கள். அடுத்து வந்த பாரி ஸ்விட்சர் அதே ஆட்டக்காரர்களை வைத்து இன்னொரு கோப்பையும் வாங்கினார். ஜிம்மி இல்லாமலும் நடக்கும் என்று ஜோன்ஸ் காட்ட நினைத்திருந்தால் அதற்கு அந்த ஒரு கோப்பை போதுமானதாக இருந்தது. பின்னால் வந்த ஆண்டுகள்தான் அவரைக் கைவிட்டன. 2021 ஆகஸ்டில் ஜிம்மி தேசிய அளவிலான ‘ஹால் ஆஃப் ஃபேம்’ கௌரவம் பெறச் சென்றபோது, தொலைக்காட்சி நேரலையில் ஜோன்ஸ் அவருக்கு வளையத்தில் இடம் உண்டு என்று அறிவித்தார். நான் உயிரோடு இருக்கும்போதா என்று ஜிம்மி கேட்டார். சிரிப்பு எழுந்தது. அதற்குப் பிறகும் இரண்டு ஆண்டுகள் போயின. 2023 டிசம்பர் 30 அன்று, டெட்ராய்ட் லயன்ஸுடனான ஆட்டத்தின் இடைவேளையில், 24ஆவதாக அவர் பெயர் திறந்துவைக்கப்பட்டது.

இந்த வரலாற்றிலிருந்து எல்லோரும் எடுக்கும் முடிவு ஒன்று உண்டு: ஒரே மனிதர் கையில் சாவி இருந்தால் அவருடைய பகை பட்டியலைக் கெடுக்கும். எனக்கு இது பாதி உண்மையாகவே படுகிறது. பகைத்துக்கொண்டவர்கள் எல்லோரும் கடைசியில் உள்ளே வந்துவிட்டார்கள் அல்லவா? ஜோர்டன் வந்தார், லாண்ட்ரி வந்தார், ஷ்ராமும் பிராண்டும் ஜிம்மியும் வந்தார்கள். பகை அவர்களைத் தாமதப்படுத்தியது. அதே பகைதான் அவர்களை மறக்கவிடாமலும் வைத்தது. ஜிம்மியின் பெயர் ஏன் இல்லை என்ற கேள்வியை நிருபர்கள் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஜோன்ஸிடம் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கேட்பதற்கு ஒரு கதை இருந்தது, கதையில் சுவை இருந்தது. அழுத பிள்ளைக்குத்தான் பால் கிடைக்கும் என்றால், ஒரே ஆள் முடிவுசெய்யும் ஏற்பாட்டில் ஆபத்து அழாத பிள்ளைகளுக்குத்தான். யாரோடும் பகை இல்லாமல், எந்த நிருபருக்கும் கதை தராமல், ஆடி முடித்து வீட்டுக்குப் போனவர்களின் கோப்புகளை யாரும் திறப்பதில்லை. திறக்க வேண்டிய கடமை யாருக்கும் இல்லை.

ஹார்வி மார்ட்டினைப் பாருங்கள். டல்லாஸிலேயே வளர்ந்து, தெற்கு ஓக் கிளிஃப் பள்ளியில் ஆடி, 1973 முதல் 1983 வரை கௌபாய்ஸ் தவிர வேறு அணியின் சட்டையை அணியாதவர். எதிரணியின் குவார்ட்டர்பேக்கைப் பந்தை எறிய விடாமல் வீழ்த்துவதற்கு ‘சாக்’ என்று பெயர். மார்ட்டினின் தொழில் அதுதான். 1977இல் அசோசியேட்டட் பிரஸ் அவரை ஆண்டின் சிறந்த தற்காப்பு ஆட்டக்காரராகத் தேர்ந்தெடுத்தது. அந்தப் பருவத்தின் சூப்பர் பௌலில் டென்வர் அணியை 27-10 என்று வென்றபோது, சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்கும் ராண்டி ஒயிட்டுக்கும் சேர்த்துக் கொடுக்கப்பட்டது. இருவர் பகிர்ந்துகொண்ட சூப்பர் பௌல் விருது அது ஒன்றுதான். ராண்டி ஒயிட் 1994இலேயே வளையத்தில் ஏறிவிட்டார். விருதில் பாதி உள்ளே இருக்கிறது, மறுபாதி ஜிம்மி ஏறிய நாளன்றும் வெளியேதான் இருந்தது.

மார்ட்டினின் வழக்கைப் பலவீனமாக்குவது ஒரு கணக்கு விவகாரம். சாக்குகளை லீக் அதிகாரபூர்வமாக எண்ணத் தொடங்கியது 1982இல்தான். அதற்கு முந்தைய ஆட்டங்களுக்கு அணிகள் தாங்களாக வைத்துக்கொண்ட குறிப்புகளே ஆதாரம். 1977இல் மார்ட்டின் 23 முறை வீழ்த்தினார் என்று கௌபாய்ஸ் சொல்லிவந்தது. பழைய ஆட்டங்களைப் பிற்காலத்தில் மீண்டும் எண்ணிப் பார்த்தவர்கள் 20 என்கிறார்கள். இந்த வேறுபாட்டைக் காட்டி அவருடைய கணக்கு முழுவதையுமே சந்தேகிப்பவர்கள் உண்டு. குறைந்த எண்ணையே வைத்துக்கொள்வோம். அது 14 ஆட்டங்கள் மட்டுமே கொண்ட பருவம். பந்தை எறிவதைவிடத் தூக்கிக்கொண்டு ஓடுவதே அதிகமாக இருந்த காலம். வீழ்த்தும் வாய்ப்பே குறைவாக இருந்த அந்த நாளில் 20 என்பதை இன்றைய எந்தப் பட்டியலோடு வைத்துப் பார்த்தாலும் தலைநிமிர்ந்து நிற்கும்.

அவருடைய பிற்கால வாழ்க்கையை எடுத்துக்காட்டுவார்கள். ஆட்டத்தை விட்ட பின் கடன், போதை, வழக்கு என்று சரிந்து, பிறகு மீண்டு, 2001இல் 51 வயதில் கணையப் புற்றுநோயில் மறைந்தார். அணியின் மிக உயர்ந்த கௌரவம் நடத்தையையும் பார்க்க வேண்டாமா என்று கேட்டால், பார்க்கலாம் என்றே சொல்வேன், எல்லோருக்கும் ஒரே அளவுகோல் இருந்தால். பாப் ஹேஸ் 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தங்கம் வென்று வந்தவர். அவர் ஓட்டத்தைத் தனி ஆளாகத் துரத்த முடியாததால்தான் எதிரணிகள் ஆளுக்கு ஆள் காவல் என்பதை விட்டு இடத்துக்கு இடம் காவல் என்று மாற வேண்டிவந்தது. அவர் 1979இல் போதைப்பொருள் வழக்கில் சிறை சென்றார். 2001இல் வளையத்தில் ஏறினார், மறு ஆண்டு இறந்தார். தொண்ணூறுகளில் போதை வழக்கில் நீதிமன்றம் ஏறிய மைக்கேல் இர்வின் 2005இல் ஏறினார். இருவரும் ஏறியது எனக்குச் சரியே. அவர்களுக்குத் திறந்த கதவை மார்ட்டினுக்கு மூட நடத்தை காரணமாக முடியாது. இர்வினுக்கு வாய் இருந்தது, தொலைக்காட்சி இருந்தது. மார்ட்டின் மறைந்த பிறகு அவருக்காகப் பேச மிஞ்சியவர்கள் கூட ஆடியவர்கள் மட்டுமே.

எவர்சன் வால்ஸ் கதை வேறு மாதிரி. அவரை யாரும் மறக்கவில்லை. தவறான ஒன்றுக்காக நினைவில் வைத்திருக்கிறார்கள். 1982 ஜனவரி 10, சான் பிரான்சிஸ்கோ. ஆட்டம் முடிய ஒரு நிமிடம்கூட இல்லை. எதிரணியின் ட்வைட் கிளார்க் எம்பிப் பந்தைப் பிடிக்கிறார், கீழே கை நீட்டியபடி வால்ஸ். டல்லாஸ் 28-27 என்று தோற்றது. அந்தப் புகைப்படம் அமெரிக்க விளையாட்டு வரலாற்றில் நிலைத்துவிட்டது. அதே ஆட்டத்தில் எதிரணி எறிந்த பந்தை இரண்டு முறை தட்டிப்பறித்தவரும், கீழே விழுந்த பந்து ஒன்றை மீட்டவரும் அதே வால்ஸ்தான் என்பது புகைப்படத்தில் இல்லை. எந்த அணியும் தேர்வில் எடுக்காமல் விட்ட அவர், அந்த முதல் பருவத்திலேயே 11 பந்துகளைப் பறித்து லீக்கில் முதலிடம் பெற்றிருந்தார். 1982இலும் 1985இலும் மீண்டும் முதலிடம். டல்லாஸுக்காக ஒன்பது பருவங்களில் 44. அணியின் வரலாற்றில் இந்தக் கணக்கில் முதலிடத்தில் இருக்கும் மெல் ரென்ஃப்ரோ 52 பறித்தவர். அவருக்கு ஆன பருவங்கள் 14. ரென்ஃப்ரோ 1981இலேயே வளையத்தில் ஏறிவிட்டார். வால்ஸின் கேடுகாலம், அவர் ஆடிய எண்பதுகளில் டல்லாஸ் ஒரு சூப்பர் பௌலுக்கும் போகவில்லை. பின்னால் நியூயார்க் ஜயண்ட்ஸுக்குப் போய்த்தான் அவருக்குக் கோப்பை கிடைத்தது.

கோப்பை வெல்லாத காலத்தவரை ஏன் ஏற்ற வேண்டும் என்பது அடுத்த மறுப்பு. இதற்கு வளையமே பதில் வைத்திருக்கிறது. லில்லிக்கு அடுத்து, 1976இல், ஷ்ராம் ஏற்றிய இருவர் டான் மெரடித்தும் டான் பெர்கின்ஸும். இருவரும் டல்லாஸுக்குக் கோப்பை வாங்கித் தரவில்லை. 1966, 1967 பருவங்களின் லீக் இறுதி ஆட்டங்களில் கிரீன் பே பேக்கர்ஸிடம் தோற்ற அணியில் இருந்தவர்கள். வெற்றியாளர்களுக்கு மட்டுமே இடம் என்று ஷ்ராம் நினைத்திருந்தால் அவர்களை விட்டுவிட்டு நேராகக் கோப்பை வென்ற 1971 அணிக்குப் போயிருக்கலாம். ஒன்றுமில்லாத அணியை இறுதி ஆட்டம்வரை தூக்கி வந்தவர்களுக்கு முதல் மரியாதை என்பதே அவர் எழுதாமல் விட்ட விதி. மறு ஆண்டு ஏறிய சக் ஹௌலி, தோற்ற அணியிலிருந்து சூப்பர் பௌலின் சிறந்த ஆட்டக்காரர் விருது பெற்ற ஒரே மனிதர்.

தேசிய ஹால் ஆஃப் ஃபேமில் இடம் பெற்றவருக்கு மட்டும் வளையம் என்று வைத்துவிட்டால் சண்டையே இருக்காதே என்பவர்களும் உண்டு. ஜோன்ஸே கடைசியாக ஏற்றியவர்களில் பிராண்ட் தவிர மற்றவர்களின் வரிசையைப் பார்த்தால் தேசிய அங்கீகாரத்துக்குக் காத்திருந்து முடிவெடுப்பதுபோல் ஒரு சாயல் தெரியும். டிமார்க்கஸ் வேர் இரண்டையும் 2023இலேயே பெற்றார். எனக்கு இது வேலையைத் தட்டிக்கழிப்பதாகத் தெரிகிறது. அணி தன் ஆட்களைத் தானே அறிந்திருக்க வேண்டும். ஹௌலி 1977இல் வளையத்தில் ஏறினார். தேசம் அவரைக் கண்டுகொள்ள 2023 ஆயிற்று. கிளிஃப் ஹாரிஸ் வளையத்தில் 2004, ஹாலில் 2020. ட்ரூ பியர்சன் 2011, 2021. ஒவ்வொன்றிலும் டல்லாஸ் முந்திக்கொண்டது, ஒவ்வொன்றிலும் டல்லாஸ் சொன்னதே பிறகு சரியென்று ஆயிற்று. ஹாலைப் பார்த்து நகல் எடுக்கும் வளையம் எதற்கு?

மிஞ்சியிருப்பது உண்மையிலேயே கனமான மறுப்பு. வளையத்தின் மதிப்பே அது சிறியதாக இருப்பதில்தான். குழு போட்டால் கூட்டம் சேரும், வாக்கெடுப்பு வைத்தால் இளைஞர்களுக்குத் தெரிந்த பெயர்களே ஜெயிக்கும், போதாததற்கு அணி ஜோன்ஸின் சொந்தப் பணத்தில் வாங்கியது. இதில் பெரும்பகுதியை ஏற்றுக்கொள்கிறேன். கிரீன் பே அணியின் ஹால் ஆஃப் ஃபேமில் 150க்கும் மேற்பட்டோர் இருக்கிறார்கள். ஊர்மக்கள் பங்கு வைத்திருக்கும் அணிக்கு அது பொருந்தும். ஆனால் அங்கேகூட உச்ச மரியாதையாக நிறுத்திவைக்கப்பட்ட எண்கள் ஆறுதான். வாக்கெடுப்பு வேண்டாம் என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை. எழுபதுகளைக் கண்ணால் பார்த்தவர்கள் குறைந்துவரும் நேரத்தில் வாக்குப்பெட்டி வைத்தால் மார்ட்டினுக்கு வைப்புத்தொகை மிஞ்சாது. நான் கேட்பது அதைவிடச் சிறியது. முடிவு ஜோன்ஸிடமே இருக்கட்டும். ஆனால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, ஆட்டத்தை விட்டு நெடுங்காலம் ஆன ஒவ்வொருவரின் கோப்பும் அவர் முன்னால் வைக்கப்பட வேண்டும்; இல்லை என்றால் ஏன் இல்லை என்று அவர் சொல்ல வேண்டும். பகை இருந்தால் பகை வெளியே தெரியும். மறதி என்றால் மறதி வெளியே தெரியும். இதனால் ஒருவர்கூடக் கூடுதலாக ஏறாமல் போகலாம். இப்போது ஏறியிருக்கும் 24 பேரின் மதிப்பு அதனால் குறையாது.

நான் பட்டியல் போட்டால் முதல் பெயர் மார்ட்டின், இரண்டாவது வால்ஸ். மூன்றாவதாக கார்னெல் கிரீனை வைப்பேன். கல்லூரியில் கூடைப்பந்து மட்டுமே ஆடியவரை பிராண்டின் ஆட்கள் கூட்டிவந்து, தற்காப்பில் 13 பருவங்கள் ஆடவைத்தார்கள். ஐந்து முறை நட்சத்திர ஆட்டத்துக்குத் தேர்வானார். ஏழடி உயரத்தை ஒட்டிய எட் ஜோன்ஸின் வழக்கும் நல்ல வழக்கே, நடுவில் ஒரு பருவம் குத்துச்சண்டைக்குப் போய்விட்டு வந்ததைச் சிரித்துக்கொண்டே மன்னித்துவிடலாம். அவருக்காகப் பேச ஆட்கள் இருக்கிறார்கள். ஜேசன் விட்டனைப் பற்றி வாதமே தேவையில்லை. 16 பருவங்கள் டல்லாஸுக்கு ஆடி, அணியிலேயே அதிகமாகப் பந்தைப் பிடித்தவர். அவருக்கான இடம் தானாக வரும்.

டோனி ரோமோவை ஏன் மேலே வைக்கவில்லை என்று கேட்பார்கள், மெரடித்தைக் காட்டி நானே வாதாடிவிட்டேனே என்பார்கள். நியாயமான கேள்வி. 34,183 கெஜம், 248 டச்டவுன் எறிதல்கள், ஓய்வுபெற்றபோது இரண்டுமே அணியின் உச்சம். பிளேஆஃப் ஆட்டங்கள் ஆறில் இரண்டு வெற்றி மட்டுமே என்பதை நான் அவருக்கு எதிராக வைக்கமாட்டேன், பாதிப் பருவங்களில் அவர் அணியில் ஓட்டைத் தற்காப்புதான் இருந்தது. ஆனால் மெரடித் வெறும் கையோடு தொடங்கிய அணியை லீக் இறுதி ஆட்டத்துக்கு இருமுறை கொண்டுபோனார். ரோமோ அதற்கு முந்தைய ஆட்டத்தைக்கூடத் தொடவில்லை. அவர் ஏறினால் நான் மறுக்கப்போவதில்லை. தொலைக்காட்சி வர்ணனையாளராக ஒவ்வொரு வாரமும் கோடிக்கணக்கானோர் வீட்டுக்குள் வருகிற மனிதரின் கோப்பு எந்த அலமாரியிலும் தொலையாது. மார்ட்டினுடையதை முதலில் திறந்துவிட்டு அவருடையதற்கு வரலாம்.